குராத்தா சானுக்கு ஒரு கஷ்டமான பாட்டு

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக. ஆனால் இப்போதே வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு மனிதர் நன்றாகப் பயந்தாக வேண்டும்.

அந்த மனிதர் கோதண்டபாணி. ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயின்ட் ஷாப் மேனேஜர். வயது நாற்பத்தேழு.

அவருடைய குரு தாட்சாயணிக்குப் பத்தொன்பது. அப்பாவின் வேலை நிமித்தம் கோபே நகரில் வளர்ந்த பெண். ஸ்ரீபெரும்புதூரில் பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தாள். யார் குரலும் அவள் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பஸ் கண்டக்டர், கீழே பார்சல் கேட்டுச் சண்டை போடுகிறவர், பக்கத்துவீட்டு நாய், எல்லாமே.

ஜப்பானில் ஆசிரியரை 'சென்செய்' என்பார்கள். வகுப்பிலும் அப்படித்தான். தன் மகளைவிடச் சின்னவளை அப்படி அழைக்கக் கோதண்டபாணிக்கு வெட்கமில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு கவலை. வகுப்பு முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சென்செய், ஜப்பான் பாட்டுலயே ரொம்பக் கஷ்டமான பாட்டு எது?"

"பாடுறவங்களுக்கா, கேக்குறவங்களுக்கா?"

அவருக்குப் புரியவில்லை. "பாடுறவங்களுக்கு."

"எதுக்கு சார்?"

ஆலைத் தலைவர் குராத்தா சான், அதாவது குராத்தா சார், ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழியனுப்பு விருந்து. ஜப்பான்காரர்கள் விருந்து என்றால் கரோக்கி இல்லாமல் இருக்காது. பெட்டி இசையை வாசிக்கும், திரையில் வரிகள் ஓடும், மைக்கைப் பிடித்தவர் தப்ப முடியாது. தமிழ் ஆட்கள் சார்பில் கோதண்டபாணிதான் பாட வேண்டும் என்று குராத்தா சானே ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டார்.

"போன விருந்துலயும் பாடினேன். மூச்சு விட இடமே இல்லாத பாட்டு. உச்சியில போய்க் குரல் ரெண்டாக் கிழிஞ்சிடுச்சு. பாத்ரூம் போற மாதிரி வெளிய வந்து, அப்படியே வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சிருந்தாக் கூடப் பரவால்ல. ஒருத்தரும் நிமிரல. தலையைக் குனிஞ்சு அவங்கவங்க அடுத்த பாட்டைத் தேடிட்டு இருந்தாங்க."

"அப்ப சுலபமா ஒண்ணு எடுங்களேன்."

"ஐயோ! கஷ்டமான பாட்டுல சறுக்கினா பழி பாட்டு மேல போகும். சுலபமானதுல சறுக்கினா?"

தாட்சாயணி பலகையை அழிக்கத் தொடங்கினாள்.

"இந்தத் தடவையும் மானம் போச்சுன்னா வேலையையே விட்டுடுறதுன்னு வீட்ல சொல்லிட்டேன், சென்செய்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையின் ஜிப்பை மூடினார், மறுபடி திறந்தார்.

தாட்சாயணி போய்க் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு பாட்டு இருக்கு. அங்க பெரிய மனுஷங்க யாரும் அதை விருந்துல எடுக்கத் துணியமாட்டாங்க."

கோதண்டபாணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "என்ன அர்த்தம்?"

"ரெண்டு பேர். வாசல்லயே நிக்கிறாங்க. உள்ள போக அனுமதி இல்ல. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் ஒரு அடிகூட வைக்க முடியாது. சாயங்காலம்வரைக்கும் காத்திருக்காங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அதுவே இருக்கட்டும், சென்செய்."

மறுநாள் போனில் ஒரு பதிவு வந்தது. ஒரு கிழவரின் குரல். ஒவ்வொரு எழுத்தையும் கிணற்றிலிருந்து தூக்குவதுபோல் இழுத்து இழுத்து, நடுவில் இருமி, மூக்கை உறிஞ்சி, மறுபடி தொடங்கினார். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடியது தாட்சாயணியேதான். இது நமக்குத் தெரிந்தால் போதும். கோதண்டபாணி ஹெட்போனைக் கழற்றி, யாரோ பெரியவர் எதிரில் நிற்பதுபோல் எழுந்து நின்றார்.

குளிக்கும்போது பாடினார். வண்டி ஓட்டும்போது பாடினார். அவர் மனைவி செங்கமலம் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏங்க, யார் வீட்ல எழவு?"

"இது ஜப்பான்ல பெரிய பாட்டுடி."

"பெரிய பாட்டோ சின்னப் பாட்டோ, குக்கர் விசில் கேக்க மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை வந்தது. ஹோட்டலில் ஜப்பானியப் பாணி அறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோரைப்பாய் விரித்த மரத்தரையில் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் டை கட்டிய பெரிய அதிகாரிகள். தாட்சாயணி மொழிபெயர்ப்பாளராக வந்து பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தாள்.

"சார், திரையைப் பாக்காதீங்க. பாத்தா பயம் வரும்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

"கண்ணை மூடிக்குங்க. வரி எல்லாம் மனப்பாடம்தானே?"

அவள் பெட்டியில் எதையோ அழுத்தினாள். பாட்டின் வேகத்தைக் குறைக்கும் பொத்தான் அது. இசை ஊர்ந்து வந்தது.

கோதண்டபாணி கண்ணை மூடினார். முதல் வரியைப் பாடினார். அறையில் யாரோ கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். இரண்டாவது வரி. அந்தக் கிழவரைப் போலவே இழுத்தார். ஒருவரும் மூச்சுவிடவில்லை.

மூன்றாவது வரி வரவில்லை.

இருந்த இடம் தெரியவில்லை. முதல் எழுத்தாவது அகப்படுமா என்று துழாவினார். நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. இசை அவருக்காகக் காத்திருக்காமல் போய்க்கொண்டிருந்தது. அக்குள் நனைந்து, சட்டை விலாவில் ஒட்டியது. மைக்கில் அவர் மூச்சுதான் கேட்டது, புஸ் புஸ்ஸென்று, அறை முழுக்க.

யாரோ எழுந்தார்கள். தரை அதிர்ந்தது. இன்னொருவரும் எழுந்தார்.

போகிறார்கள், என்று நினைத்தார். குராத்தா சானே எழுந்து போகிறார். நாளைக்கு எந்த முகத்தோடு ஆலை கேட்டுக்குள் நுழைவது?

தொம். தொம்.

மறுபடி தொம், தொம். போகிற காலடியாக இல்லை. தாளத்துக்கு விழுந்தது. அதன்மேல் ஒரு கரகரத்த குரல் ஏறிக்கொண்டது. அவர் தொலைத்த அதே வரி. அடுத்த வரியில் இன்னும் இரண்டு குரல். அதற்கடுத்ததில் அறையே பாடியது.

கோதண்டபாணி ஒரு கண்ணைத் திறந்தார்.

குராத்தா சான் டையைத் தளர்த்திவிட்டு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். இடது காலைத் தூக்கித் தொம். வலது காலைத் தூக்கித் தொம். அக்கவுன்ட்ஸ் தலைவரும் அப்படியே, தரக்கட்டுப்பாட்டுத் தலைவரும் அப்படியே. யாரோ பெட்டியைத் தட்டி வேகத்தைக் கூட்டினார்கள். பாட்டு குதித்துக்கொண்டு ஓடியது.

திரையில் கண்ணும் வாயும் வைத்த இரண்டு குட்டி மஞ்சள் செருப்புகள் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தன.

குராத்தா சான் அவர் தோளில் கையைப் போட்டு இழுத்தார். இத்தனை வருஷத்தில் 'ஓகேவா, ப்ராப்ளமா' தவிர இருவரும் பேசிக்கொண்டதில்லை. கோதண்டபாணியின் இடது கால் தானாக எழுந்தது.

பாட்டு முடிந்தது. "மறுபடியும், மறுபடியும்!" என்று அவர்கள் ஜப்பானிய மொழியில் கத்தியது அவருக்கே புரிந்தது. சிரித்துச் சிரித்துக் குராத்தா சானின் கண்ணில் நீர் வழிந்தது.

கோதண்டபாணி பாட்டுப் பெட்டிப் பக்கம் குனிந்தார்.

"சென்செய். இது என்ன பாட்டு?"

"பால்வாடிப் பாட்டு சார். கிளாசுக்குள்ள போறதுக்கு முன்னாடி பிள்ளைங்க செருப்பை ஜோடி சேத்து வைக்கிறப்ப பாடுறது."

"அப்ப... அந்தப் பெரியவர்?"

தாட்சாயணி இருமினாள். மூக்கை உறிஞ்சினாள். கிணற்றுக்குள்ளிருந்து இழுத்தாள்: "வ...ண...க்...கம், சா...ர்."

கோதண்டபாணி அவளையே பார்த்தார். பிறகு திரையை. பிறகு மறுபடி அவளை. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"நடுவுல ஒரு வரியையே முழுங்கிட்டேனே! செருப்பு வைக்கிற பாட்டுல! எல்லாரும் பாத்துட்டாங்களே!"

"ஆமா சார்," என்றாள் தாட்சாயணி. "அந்த இடத்துலதான் குராத்தா சான் பாட்டுக்குள்ள வந்தாரு."