ஏழு சைபர்

"டாக்டரம்மா, ஏழு பிள்ளைகளும் இன்னைக்குக் கோபத் தாள்ல சைபர் போட்டுட்டாங்க. எட்டு வாரத்துல ஜெயிச்சாச்சு. ஆனா எனக்கு மட்டும் சந்தோஷம் வரல. ஏன்?"

கேட்டவர் அருணகிரி. முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் கோபத்தை ஊரே அறியும். அறுபது வயதில் கவுன்சிலிங் படித்துவிட்டு, கோபக்காரப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துத் திருத்தக் கிளம்பியிருந்தார். சிரிக்காதீர்கள், மனுஷன் நல்லவர்.

டாக்டர் ஜெபக்கனிதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர். வயது முப்பத்து நாலு.

"நீங்க எத்தனை போட்டீங்க சார்?" என்று கேட்டார்.

"நானா? எனக்கு எதுக்கும்மா தாளு?"

டாக்டர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருந்த பழைய லேப் பக்கம் நடந்தார்.

மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். "நல்லா இருக்கிறதை ஏம்மா கிளறணும்? பதினொன்றரைக்கு ஹெச்.எம். வந்துருவாங்க."

அவர் பயம் நியாயமானதுதான். வாரம் ஒரு தாள். இந்த வாரம் கோபம் எத்தனை என்று சைபரிலிருந்து பத்துக்குள் எழுத வேண்டும். இது கடைசி வாரம், இன்று தாள்கள் ஹெச்.எம். கைக்குப் போகும். இசக்கி பிரியா பத்தாம் வகுப்பு. வகுப்பறைக் கண்ணாடியை உடைத்தவள். அவள் தாளில் ஐந்துக்கு மேல் இருந்தால் டி.சி.

நடு வருஷத்தில் டி.சி. வாங்கினவளை யார் சேர்ப்பார்கள்? அம்மா பீடி சுற்றுகிறவள். மகளுக்கும் பீடி சுற்ற ஒரு முறம் வாங்கி வைத்தாயிற்று.

லேப்பில் ஏழு நாற்காலி, ஏழு பிள்ளைகள். மாஸ்டர் எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவார். டாக்டர் எட்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டு அவரைப் பார்த்தார்.

மாஸ்டர் நுனியில் உட்கார்ந்தார்.

"சார் இப்ப எத்தனையில இருக்காரு?" டாக்டர் பிள்ளைகளைக் கேட்டார்.

பிள்ளைகள் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் சுடலைமுத்துதான் துணிந்தான். ஒன்பதாம் வகுப்பு, நாலு முறை சஸ்பெண்ட் ஆனவன்.

"ஏழு மேடம்."

"எப்படித் தெரியும்?"

"காது செவந்திருக்குல்லா."

"விசிலை உருட்டினா எட்டு," என்றது ஒரு குரல்.

மாஸ்டர் விரலில் உருண்டுகொண்டிருந்த விசிலை விட்டுவிட்டார்.

"'நல்லா இருக்கீங்களா மக்களே'ன்னு மெதுவாக் கேட்டா ஒம்பது," என்றது இன்னொன்று.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"என்னலே இது! நான் உங்களைப் பாக்க வந்தேனா, நீங்க என்னைப் பாக்க வந்தீங்களா?"

"ஒம்பதரை," என்று சொல்லிவிட்டு சுடலைமுத்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

இசக்கி பிரியா சிரிக்கவில்லை.

"நாங்க பெரிய நம்பர் எழுதுனா உங்களுக்குக் கோவம் ஏறும் சார். சைபர் எழுதுனா இறங்கிரும். அதான்."

"எதான்?"

"உங்களுக்காகத்தான் எல்லாரும் சைபர் எழுதுனோம்."

மாஸ்டர் ஏழு தாளையும் எடுத்துப் பார்த்தார். எட்டு வாரமாகச் சேர்த்து வைத்த பெருமையெல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விட்டது. பாவம், அழுகை வேறு வந்தது.

"உன் நெசமான நம்பர் என்ன பிள்ள?"

"எட்டு."

அவளே தொடர்ந்தாள்.

"அதைப் போட்டா டி.சி. சைபர் போட்டா டென்த் எழுதலாம். எதைப் போட சார்?"

மாஸ்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரு என்றால் இப்படியா நட்டாற்றில் விடுவது!

"தெரியல பிள்ள," என்றார் மாஸ்டர். "எனக்குப் பயமா இருக்கு."

முப்பது வருஷ சர்வீஸில் அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. இசக்கி பிரியா அவரையே பார்த்தாள்.

"எனக்கும்தான் சார்," என்றாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெச்.எம். சூரியகலா உள்ளே வந்தார். கையில் டி.சி. தாள். கையெழுத்துப் போட்டே கொண்டு வந்திருந்தார்.

"அந்தத் தாளையெல்லாம் கொடுங்க சார்."

"தர மாட்டேன் மேடம். அத்தனையும் பொய். பிள்ளைக மேல தப்பில்ல, என்னைச் சமாதானப்படுத்த எழுதுனது."

"என்ன சார் விளையாட்டு இது! போன வருஷம் ரிசல்ட் குறைஞ்சதுக்கே மேலே இருக்கிறவங்க என்னைப் போட்டு வாட்டி எடுக்காங்க. இன்னொரு கண்ணாடி உடைஞ்சா யாரு பதில் சொல்லுவா? நீங்களா? இவளா?"

இசக்கி பிரியாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

அவள் விருட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. சுடலைமுத்து ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தான். டாக்டரேகூடப் பாதி எழுந்துவிட்டார்.

இசக்கி பிரியா பல்லைக் கடித்தாள். பிறகு குனிந்து நாற்காலியை நிமிர்த்தினாள். அதை ஹெச்.எம். பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"மேடம், உங்க காதும் செவந்திருக்கு. உக்காருங்க."

ஹெச்.எம். உட்காரவில்லை. அவர் நீட்டிய விரல் அந்தரத்திலேயே நின்றது.

"எத்தனையில இருக்கீங்க மேடம்?" என்று கேட்டாள் இசக்கி பிரியா.

ஹெச்.எம். விரலை மடக்கினார். பிள்ளைகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். டி.சி. தாளை நாலாக மடித்தார். உட்கார்ந்தார்.

"பத்து," என்றார்.