முகம் சுளித்தால் எல்லை தாண்டு

நெடுவயல் ராஜ்யத்தில் வீதிகள் பதினாறு, கோயில்கள் நான்கு, ராஜா ஒருவர். அவர் பெயர் கம்பீரராயர். நல்ல மனிதர்தான். கடைசியாகப் பேசினவர் பேச்சை அப்படியே கேட்டுவிடுவார், அது ஒன்றுதான் குறை. அன்றைக்குக் கடைசியாகப் பேசினவர் பிரதானி வேலப்பர்.

"மகாராஜா, ஊர் கெட்டுப்போயிற்று. தேரடி வீதியில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். பெண்டாட்டி ஏழடி பின்னால் வருவதல்லவா நம் வழக்கம்? போதாததற்குப் பேச்சு. பேச்சுக்கு நடுவே சிரிப்பு."

"சிரிப்பு வேறா?"

"அவள் பூக்கூடையை அவன் தன் தலையில் சுமக்கிறான். எனக்கு முகம் சுளித்துவிட்டது."

உடனே ராஜா பறையறைவித்தார். மூத்தவர் ஒருவர் எதைக் கண்டு முகம் சுளித்தாலும் அது குற்றம். சுளிக்க வைத்தவர் பொழுது சாய்வதற்குள் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

மறுநாள் காலையிலேயே அந்த ஜோடியைச் சபைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பூக்கட்டும் செண்பகவல்லி, தலையில் பூக்கூடையோடு அவள் புருஷன் வீரையன். கல்யாணமாகி ஐந்து மாதம்.

"சாமி, நாலு பாத்தி மல்லிகை வச்சிருக்கோம்" என்றாள் செண்பகவல்லி. "இப்பத்தான் மொட்டு விட்டிருக்கு. விட்டுட்டு எங்கே போறது?"

"ஏழடி தள்ளி நடந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது" என்றார் வேலப்பர்.

சபையின் ஓரத்தில் திருமேனி நின்றிருந்தார். ராஜாவுக்கு யோசனை சொல்வது அவர் வேலை. ராஜா கேட்டால் மட்டும். உண்மையைச் சொன்னால், இந்த ஜோடி நடை அவருக்கும் பிடிக்கவில்லை. போன மாதம் மட்டும் மூன்று முறை இவர்களுக்கு வழிவிட்டுச் சாக்கடை ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறார். மூன்றாவது முறை கால் நனைந்தது. ஆனால் கால் நனைந்தால் கழுவிக்கொள்ளலாம். அதற்காக ஒரு குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்துவதா?

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். பிரதானிக்கு வயது அறுபத்து மூன்று. அவரைவிட மூத்தவர் சுளித்தாலும் இதே சட்டம்தானே?"

"அதிலென்ன சந்தேகம்? இன்னும் மேல்!" என்றார் ராஜா.

"அப்படியானால் தவசிமுத்துவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். வயது தொண்ணூற்றொன்று. தங்கள் தாத்தா காலத்தில் எக்காளம் ஊதியவர்."

பல்லக்கு போனது, தவசிமுத்துவோடு வந்தது. கிழவர் இறங்கினார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துச் சபையைச் சுற்றிப் பார்த்தார். முதலில் பிரதானி அகப்பட்டார்.

"யாருப்பா அது, தச்ச துணியைப் போட்டுக்கிட்டுச் சபையிலே நிக்கிறது? எங்க காலத்துலே கோணிப்பையைத்தான் தைப்போம்."

கிழவரின் முகம் சுளித்தது. வேலப்பரின் கை தானாக அங்கியின் பொத்தானுக்குப் போனது.

"இது யாரு, செருப்புக் கீச்சுக் கீச்சுங்குது?" தளபதி ஒற்றைக் காலில் நின்றார். சுளிப்பு இரண்டு.

கிழவர் மூக்கை உறிஞ்சினார். "மடப்பள்ளியிலே என்ன நெடி? மிளகாயா? ஏன், மிளகு செத்துப்போச்சா?" மூன்று.

சபையில் ஒவ்வொருவராகத் தூணுக்குப் பின்னால் போகத் தொடங்கினார்கள். தூண்கள் எட்டுதான். பதின்மூன்றாவது சுளிப்பு முடிந்ததும் கிழவர் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, இங்கே பார்க்க வேண்டாம்" என்றார் ராஜா.

பார்த்துவிட்டார்.

"உங்க தாத்தா ஜமுக்காளத்துலே சப்பணம் கூட்டி உட்காருவாரு. நீங்க என்ன, வௌவால் மாதிரி காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு?"

பதினான்கு.

தூணுக்குப் பின்னால் போனவர்கள் யாரும் வெளியே வரவில்லை. திருமேனி மட்டும் ஓலையும் எழுத்தாணியுமாக முன்னால் வந்தார்.

"பொழுது சாய இன்னும் ஒன்பது நாழிகை இருக்கிறது, மகாராஜா. எல்லை ஒரு காதத் தூரம். இப்போதே கிளம்பினால் சரியாக இருக்கும். மகாராணி கூட வருகிறார்களா? ஏழடி பின்னால்தான் வர வேண்டும். பிரதானியார் அங்கியைக் கழற்றிவிட்டு வருவார்."

"நாங்களெல்லாம் போனால் நாட்டை யார் பார்ப்பது?" என்று கத்தினார் வேலப்பர்.

"சட்டம் பார்த்துக்கொள்ளும். தாங்கள் கேட்டு வாங்கிய சட்டம்தானே?"

ராஜா மெல்லக் காலைத் தூக்கிச் சப்பணமிட்டுப் பார்த்தார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மறுபடி தொங்கவிட்டுக்கொண்டார்.

"பெரியவரே, அந்தப் பிள்ளைகளைப் பார்க்கவில்லையே. பெண்டாட்டி கூடையைப் புருஷன் சுமக்கிறான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்?"

தவசிமுத்து ஜோடியை வெகுநேரம் பார்த்தார். வீரையன் கூடையை இறக்கலாமா என்று யோசித்தான். இறக்கவில்லை.

"நாற்பத்திரண்டு வருஷம் ஏழடி முன்னாலே நடந்தேன்" என்றார் கிழவர். "அவளும் பின்னாலேயே பேசிக்கிட்டுத்தான் வந்தா. ஒரு வார்த்தைகூடக் காதிலே விழலே. இப்போ கேட்கலாம்னா ஆள் இல்லே." முகம் சுளிக்கவில்லை. "கூடை கொஞ்சம் சாய்ஞ்சிருக்குடா. நேரா வை."

வீரையன் நேராக வைத்தான்.

ராஜா முதலில் தொண்டையைச் செருமினார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சட்டத்தை இப்படி மாற்றி எழுதும். மூத்தவர்கள் தாராளமாக முகம் சுளிக்கலாம். சுளித்த முகத்தை அவரவரே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அம்மா, நீ மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றப் போ. திருமேனி, உமக்கு ஒரு ஜோடிப் பட்டு."

பட்டு எடுக்க ஆள் போனான். ராஜா குனிந்து கேட்டார்.

"ஆமாம், உமக்கு எரிச்சல் தருவது ஒன்றுமே கிடையாதா?"

"பதினொன்று இருக்கிறது, மகாராஜா."

"சொல்லுமே, கேட்போம்."

"பட்டு முதலில் கைக்கு வரட்டும்" என்றார் திருமேனி. "அதில் நான்கு தங்களுடையவை."