ஊசி எஞ்சினும் ஒழுகின மாப்பிள்ளையும்

உப்பங்கழிக்கு இந்தப் பக்கம் கொக்குமேடு என்று ஓர் ஊர். அங்கே அறிவாளி என்று இதுவரை யாரும் கெட்ட பெயர் எடுத்ததில்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு படகு. படகுக்கு ஒரு சங்கம். சங்கத்துக்குத் தலைவர் வைரக்கண்ணு, செயலாளர் அஞ்சாபுலி. உறுப்பினர் என்று ஒருவராவது வேண்டுமே என்பதற்காகத் தவமணியையும் சேர்த்துக்கொண்டார்கள். தீர்மானம் போடுவது மற்ற இருவரும்; வேலை செய்வது தவமணி.

அந்த வருஷம் சங்கம் புது எஞ்சின் வாங்கியது. பெட்ரோலைத் தானே அளந்து பீச்சுகிற இஞ்செக்‌ஷன் எஞ்சின். இஞ்செக்‌ஷன் என்றால் ஊசி என்பது கொக்குமேட்டுக்கும் தெரியும். ஆகவே அதற்கு 'ஊசி எஞ்சின்' என்று பெயர் வைத்து, ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படகில் ஏறினார்கள்.

அந்த ஊர்ப் பையன் பூவரசனின் கல்யாணத்தன்று காலையில் அந்த எஞ்சின் மக்கர் பண்ணியது. பெண் வீடு கழிக்கு அக்கரையில், சங்குத்திட்டில். மாப்பிள்ளை வீட்டார் பட்டும் தட்டுமாகத் துறையில் நிற்கிறார்கள். எஞ்சின் கிளம்பும், இருமும், நின்றுவிடும். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

டவுனில் இருக்கும் மெக்கானிக் ஹாஜாவுக்கு அஞ்சாபுலி போன் போட்டார்.

"அண்ணே, ஓடி ஓடி நிக்குது."

"பல்பைப் பிடிச்சு நல்லா அமுக்குங்க. கெட்டியாகிற வரைக்கும் அமுக்கணும்."

பெட்ரோல் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அமுக்க அமுக்க எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறும். ஹாஜா சொன்னது அதைத்தான். ஆனால் கொக்குமேட்டில் பல்பு என்றால் ஒன்றுதான். தவமணி ஓடிப்போய்ச் சங்கக் கட்டடத்துக் குண்டு பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இது ஏற்கெனவே கெட்டியாத்தானே இருக்கு தலைவரே?"

"கெட்டியா இருக்கிறது வேற, கெட்டியாகிறது வேற. நீ அமுக்கு," என்றார் வைரக்கண்ணு.

அமுக்கினார். பிறகு அவர் கைக்குக் கட்டுப் போட்டார்கள்.

"அண்ணே, பல்பு உடைஞ்சிருச்சு," என்று மறுபடி போன் போனது.

"அட ஆண்டவா! அது உடைஞ்சா பிரஷர் எப்படி இருக்கும்? லோ பிரஷர்தான்! கொஞ்சம் இருங்க, கையில வேலையா இருக்கேன்," என்று ஹாஜா வைத்துவிட்டார்.

வைரக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. "எனக்கும் இதே வியாதிதான்யா. நாலு எட்டு நடப்பேன், தலை சுத்தும், நின்னுருவேன். டாக்டர் எலுமிச்சைச் சாறுல உப்புப் போட்டுக் குடிக்கச் சொல்லியிருக்காரு."

"சர்க்கரை வேணாமா?" என்றார் அஞ்சாபுலி.

"எஞ்சினுக்குச் சுகர் வந்தா யாரு பார்க்கிறது?"

உப்பு மட்டும் போட்டு ஒரு செம்பு கரைத்து வந்தார்கள். தவமணி பெட்ரோல் டேங்கின் மூடியைத் திருகித் திறந்தார். 'புஸ்' என்று பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் டேங்க் கழுத்து வரை பெட்ரோல். சாற்றுக்கு இடமில்லை. வீணாகக் கூடாதே என்று தலைவர் குடித்துவிட்டார். மூடியைத் திரும்பப் போடச் சொல்லித் தீர்மானம் எதுவும் இல்லாததால் அது திறந்தே கிடந்தது.

அதற்குள் ஹாஜாவே கூப்பிட்டார். "லைன்ல லீக் இருக்கலாம். லைன் முழுக்கச் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. எங்க குமிழி வருதோ அங்கதான் லீக். அதைத் தனியாக் கழட்டி வச்சு, டேப்பை இறுக்கிச் சுத்துங்க."

ஹாஜா லைன் என்றது பெட்ரோல் குழாயை. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். துறையில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றிருந்தார்கள். லைனில்தான் ஏற வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

அஞ்சாபுலி வாளியைப் பிடிக்க, தவமணி துணியை முக்கி, லைனில் முதலில் நின்ற தாய்மாமனிலிருந்து ஆரம்பித்தார். கல்யாணத்தில் பன்னீர் தெளிப்பது உண்டுதானே. இந்த வருஷம் தடவுகிறார்கள் போலிருக்கிறது என்று எல்லோரும் முகத்தைக் காட்டினார்கள். மாப்பிள்ளை முறை வந்தது. பூவரசன் காலையில் தலைக்கு ஷாம்பு போட்டு, அவசரத்தில் சரியாக அலசாமல் வந்திருந்தான். துணி பட்டதும் தலை முழுக்க நுரை பொங்கியது.

"தலைவரே! லீக்கு சிக்கிருச்சு!"

வைரக்கண்ணு மாப்பிள்ளையை வருத்தத்தோடு பார்த்தார். "தம்பி, உன்னைக் கழட்டி வைக்கணும்."

"நான் இல்லாம எப்படிண்ணே கல்யாணம்?" என்றான் பூவரசன்.

"படகே போகலைன்னா நீ இருந்து என்ன பிரயோசனம்?"

பூவரசன் யோசித்தான். "அதுவும் சரிதாண்ணே," என்று ஒதுங்கி நின்றான்.

"சீக்கிரம் சரியாகி வந்துருப்பா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் அம்மா படகில் ஏறினாள். ரிப்பேர் பார்க்கத் தவமணி டேப்போடு கரையில் தங்கினார்.

எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. நிற்காமல் அக்கரை போய்ச் சேர்ந்தது. டேங்க் மூடியில் காற்றுப் போகிற துளை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் வெளியே வரவில்லை. மூடி திறந்ததும் சரியாகிவிட்டது. விஷயம் அவ்வளவுதான் என்று ஹாஜா பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். சங்கம் அதை ஏற்கவில்லை. மாப்பிள்ளையை இறக்கினதும் ஓடியதை ஊரே பார்த்ததே!

அக்கரையில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அப்பா, இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "மாப்பிள்ளை எங்கே?"

"அவருதாங்க லீக்கு," என்றார் அஞ்சாபுலி பணிவாக. "ரிப்பேர் நடந்துக்கிட்டிருக்கு."

அதற்குப் பெண்ணின் அப்பா சொன்னதை எழுத முடியாது. படகு வந்த வேகத்தில் திரும்பியது.

துறையில் தவமணி வேர்த்து விறுவிறுத்து நின்றார். பக்கத்தில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை டேப் சுற்றிய ஓர் உருவம். "இப்ப ஒரு குமிழி வரலை தலைவரே!"

உருவத்தைத் தூக்கிப் படகில் சாத்தி, கடைசி நிமிஷத்தில் மணவறையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஐயர் தாலியை நீட்டினார். வாங்குவதற்கு மாப்பிள்ளைக்குக் கை இல்லை.

"டேப்பைப் பிரிங்கய்யா!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா.

"பிரிச்சா பிரஷர் இறங்கிரும். நாங்க ஊரு திரும்ப வேணாமா?" என்றார் வைரக்கண்ணு.

மணப்பெண் தில்லைமணிக்கு நின்று நின்று கால் வலித்தது. ஐயரிடமிருந்து தாலியை வாங்கி, டேப்புக்கு மேலே தெரிந்த கழுத்தில் அவளே மூன்று முடிச்சும் போட்டுவிட்டாள். மேளம் கொட்டியது. பூவரசன் வெட்கத்தோடு தலை குனிய முயன்றான், டேப் விடவில்லை.

வைரக்கண்ணு மட்டும் அட்சதை போடாமல் மணவறையில் ஏறி, மாப்பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து பெண்ணிடம் சொன்னார்:

"பம்பு நல்லா ஓடுதும்மா. நம்பி ஏறலாம்."