கைதட்டிய தேவாங்கு

அந்தக் காலத்தில் தேவாங்கு பட்டப்பகலில் ஊர் சுற்றும். இன்றைக்குப் போல அங்குலம் அங்குலமாக நகர்கிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. கிளைக்குக் கிளை பறக்கும். மிருகங்களும் பறவைகளும் வாய் திறந்து பேசிய காலம் அது. பேச்சிலும் தேவாங்கை மிஞ்ச ஆள் இல்லை.

இன்று நாம் தாய்லாந்து என்கிற சயாம் தேசத்தின் தென்கடற்கரையில் மாலி என்றொரு தேவாங்கு இருந்தாள். ஊர் பார்க்கிற பைத்தியம் அவளுக்கு. வடக்கே மலைகளுக்கு நடுவில் ஒரு மாகாணம் இருக்கிறது, விடியற்காலையில் மலை மேல் நின்றால் மேகம் காலடியில் கிடக்கும் என்று எந்தக் கொக்கோ சொல்லிவிட்டது. போதாதா? கிளம்பிவிட்டாள். அந்த மாகாணத்தின் பெயர் நான். ஆமாம், நம்முடைய 'நான்'தான். சிரிக்காதீர்கள், அவர்கள் பாஷையில் அது ஊர்ப்பெயர்.

சந்தடி இல்லாத ஊர். மலை, காடு, நெல்வயல், நடுவே ஓர் ஆறு. ஆற்றங்கரை இலவ மரத்தில் புவா என்ற மந்தி குடியிருந்தாள். முன்பின் தெரியாத மாலியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "சாப்பிட்டியா தங்கச்சி?" என்பதுதான். தான் படுக்கிற கிளையையே விருந்தாளிக்கு ஒழித்துக் கொடுத்தாள்.

புவாவுக்குக் கைக்குழந்தை ஒன்று. லேக் என்று பெயர். அந்த வகை மந்திகள் சாம்பல் நிறம். ஆனால் குட்டிகள் மட்டும் பிறக்கும்போது செண்டுமல்லி நிறத்தில் இருக்கும். மாலி குழந்தையை ஒரு தரம் கொஞ்சிவிட்டு மலையைப் பார்க்கப் போய்விட்டாள். "அடேயப்பா, அந்த முகட்டைப் பாரேன்! இந்த வயலைப் பாரேன்!" பார்த்துப் பார்த்தே அவள் கண் இரண்டும் அத்தனை பெரிதாகிப் போயின.

ஒரு நாள் காலை, "அக்கா, எங்க ஊர்ல அத்திப்பழம் தின்னாத்தான் எனக்குப் பொழுதே விடியும்" என்று மாலி இழுத்தாள்.

அத்திமரம் இருந்தது அக்கரையில். மழை ஓய்ந்து ஆறு கரை தொட்டு ஓடுகிற மாதம். கரையோடு மேலே போய், இரு கரை மரங்களின் கிளைகள் கூடுகிற இடத்தில்தான் ஆற்றைத் தாண்ட முடியும். புவா முகம் சுளிக்கவில்லை.

"அதுக்கென்ன, பறிச்சுட்டு வரேன். பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கம்மா. ஓரத்துக்குப் போயிருவான்."

"நீ போயிட்டு வாக்கா. நான் பாத்துக்கறேன்."

பார்த்தாள்தான், மகராசி. பிள்ளையை இல்லை, மலையை. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளை நுனியில் போய் உட்கார்ந்து, மேகம் விலக விலக மலை வெளியே வருவதை வாய் பிளந்து பார்த்தாள். பின்னால் தொபுக்கென்று ஒரு சத்தம். மீன் துள்ளியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அக்கரையில் புவா தென்பட்டாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். குதித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். வாய் திறந்து மூடியது. ஆற்று இரைச்சலில் ஒரு சொல்லும் இக்கரைக்கு வரவில்லை.

"ஐயோ, எனக்காக ஆடிக் காட்டறாளே!" என்று பூரித்துப் போனாள் மாலி. கைதட்டினாள். அவள் தட்டத் தட்ட புவா இன்னும் வேகமாகக் குதித்தாள். மாலி இன்னும் பலமாகத் தட்டினாள்.

அப்போது ஆற்றில் செண்டுமல்லி நிறத்தில் ஏதோ மிதந்து வந்தது. அந்த மாதத்தில் அந்த ஊரார் பூக்களைச் சின்னத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விடுவார்கள் என்று மாலி கேள்விப்பட்டிருந்தாள். கண்ணாலேயே பார்க்கக் கிடைத்ததே என்று அவளுக்குப் புளகாங்கிதம். அது கிளைக்கு நேர் கீழே வந்தது. கை நீட்டினால் எட்டும். நீட்டவும் நீட்டினாள். "சேச்சே, சாமிக்கு விட்ட பூ, தொடக்கூடாது" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அவளைத் தாண்டிப் போனதும் பூ இருமியது.

மாலி குனிந்து பார்த்தாள். பூவுக்கு ஏது இருமல்? பூவுக்கு ஏது பிஞ்சுக் கை? "லேக்!" என்று அலறிக்கொண்டு கரையோரம் ஓடினாள். அவள் ஓட்டத்தைவிட ஆற்றின் ஓட்டம் வேகம்.

கீழே, ஆறு திரும்புகிற இடத்தில் தோங் என்ற கிழட்டு எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது. அது ஒன்றும் யோசிக்கவில்லை. எதிரே வந்ததைக் கொம்பால் தடுத்து, கழுத்தில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தது. குழந்தை தண்ணீரைக் கக்கிவிட்டு வீரிட்டு அழுதான். அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாலிக்கு மூச்சே வந்தது. அவன் பிழைத்தது எருமையால், அவளால் இல்லை.

புவா மேலே போய் ஆற்றைத் தாண்டி ஓடி வந்தாள். பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுது முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. மாலி எதிரே நின்றாள். பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவளுக்கு.

"என்னை அடிச்சிரு அக்கா. கண்டபடி திட்டிரு."

புவா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை; நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"ஏன் தங்கச்சி கை தட்டினே?"

எந்தக் கேள்விக்கும் ஒன்பது பதில் வைத்திருக்கிற வாய் அது. பார்க்க நன்றாக இருந்தது என்று சொல்வதா? பெற்றவள் தலையில் அடித்துக்கொண்டது நன்றாக இருந்தது என்று சொல்ல நாக்கு எழுமா? தட்டிய கைகளைப் பார்த்தாள். அவற்றை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. முகத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அப்படியே பின்வாங்கிக் காட்டுக்குள் போனாள். ஊருக்குத் திரும்பவில்லை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று இருட்டிய பிறகே வெளியே வந்தாள். எதையும் இன்னதென்று தெரிந்துகொள்ளாமல் இனி கை வைக்கக்கூடாது, கையை இழுக்கவும் கூடாது என்று, ஒவ்வோர் எட்டுக்கும் நின்று நின்று நகர்ந்தாள்.

அவள் வம்சத்தைத்தான் அந்த நாட்டார் 'நாங் ஆய்' என்கிறார்கள். வெட்கக்காரி என்று அர்த்தம். ஏதோ புதுப்பெண்ணின் கூச்சம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள், பாவம். அன்று முதல்தான் தேவாங்கு, யார் கிட்டே வந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று பயந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறது.