பேஸ் கித்தார் நின்றபோது

டென்னிசன் ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிறானால் சர்ச் பாட்டுக்குழுவில் கீழ்ஸ்தாயியில் மெல்ல அதிரும் பேஸ் கித்தார் வாசிப்பான். குழுத் தலைவர் ஞானசிகாமணிக்கு, சர்ச்சுக்குச் சொந்தமான அந்தக் கித்தாரைக் கண்டாலே ஆகாது.

“உன் வாசிப்பு யார் காதுல விழுது? அதை வித்துட்டு எனக்கு நல்ல மைக்கா வாங்கப்போறேன். சவுண்டைக் கூட்டாம என் காதுல விழ வை பாப்போம், விட்டுடறேன்!”

“வாசிக்காமலே விழ வைக்கிறேன் சார்.”

ஆண்டவரை நினைத்துக்கொண்டு, ஒத்திகையில் இரண்டாம் சரணத்தில் டென்னிசன் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். டிரம்ஸ் முந்தி ஓடியது, பாடுகிறவர்கள் பின்னால் இழுத்தார்கள். ஞானசிகாமணியே தாளம் தப்பித் திணறினார்.

“டேய், பேஸ் எங்கடா போச்சு?”

“இருந்ததே தெரியலைன்னீங்க. போனது மட்டும் எப்படித் தெரிஞ்சுது சார்?”

ஒத்திகை பார்க்க வந்திருந்த போதகர்கூடச் சிரித்துவிட்டார். மைக் பேச்சு அன்றோடு அடங்கியது. கிறிஸ்துமஸுக்குப் புது ஸ்பீக்கர் பெட்டி வந்தது, பேஸுக்குத்தான்.