பச்சை நூல் தையல்

ஆவுடையப்பனிடம் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது. நெல்லிமரத்துச் சாமிக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவன் வந்து ஐந்து வருஷம். சாமிக்கு அவன் ஒருத்தன்தான் சீடன். அவன் முற்றம் பெருக்கினால் ஒரு நெல்லி இலை மிஞ்சாது. கஞ்சிக்கு உப்புப் போட மறந்துவிட்டாலும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போவான். வீட்டுக்கு ஒரு கடுதாசி போட்டதில்லை. வீடு என்ற சொல்லையே வாயில் எடுத்ததில்லை. அப்படி ஒரு பிள்ளையை எங்கே போய்த் தேடுவது, சொல்லுங்கள்.

மறுநாள் காலை அவனுக்குக் காவி கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் முற்பகலில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாமி முன்னால் வந்து நின்றான்.

“சாமி, ஒரு சந்தேகம்.”

“கேளு.”

“நான் எல்லாத்தையும் விட்டுட்டேனா? இன்னும் ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கா?”

“இருந்தா என்ன பண்ணுவே?”

“அதையும் பிச்சு எறிஞ்சிருவேன்.”

சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கீரைத் தண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

“வாசல்ல யாரோ நிக்காங்க. போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தவனுக்குத் திக்கென்றது. கையில் ஒரு துணிப்பையோடு கோமதி ஆச்சி நின்றுகொண்டிருந்தாள். அவன் அம்மாவைப் பெற்றவள். சங்கரன்கோயிலிலிருந்து இரண்டு பஸ் மாறி, மிச்ச தூரத்தை வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

ஆனாலும் ஐந்து வருஷப் பழக்கம் கைகொடுத்தது. கைகூப்பினான்.

“வாங்கம்மா. சாமியைப் பாக்கணுமா?”

ஆச்சி அவனை உற்றுப் பார்த்தாள்.

“ஏல, ஆச்சியைப் பாத்து அம்மாங்குத? வெயில்ல நடந்து வந்ததுல நான்தான் கிறுக்கியாயிட்டேனோன்னு பாத்தேன். உனக்கு என்னல ஆச்சு?”

“இங்கே வாற பொம்பளையாளுக எல்லாரும் எனக்கு அம்மாதான்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சாமி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

“உள்ளே கூட்டிட்டு வா. மோர் குடு,” என்றார் சாமி.

ஆச்சி நெல்லிமரத்தடியில் உட்கார்ந்து மோரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு பையை அவிழ்த்து உதறினாள். ஐந்து சட்டைகள் விழுந்தன.

“பேரப்பிள்ளைக பதினோரு உருப்படி சாமி. தீவாளிக்கு எல்லாத்துக்கும் என் கைத்தையல்தான். மிஷின் எல்லாம் கிடையாது. இவன் எங்க போனான்னே தெரியல. அதுக்காக இவன் பங்கைத் தைக்காம இருக்க முடியுமா? தை அமாவாசைக்கு இங்க குளிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி இவனைப் பாத்துட்டு வந்து சொன்னா. அள்ளிப் போட்டுட்டு வந்துட்டேன்.”

“அளவு எப்படித் தெரிஞ்சுது?” என்று சாமி கேட்டார்.

“எல்லாம் ஒரு குத்துமதிப்புதான். வருசத்துக்கு ஒரு விரக்கடை கூட்டிக்கிட்டே வந்தேன். இப்பம் பாத்தா ஆளு வத்தலாக் கிடக்கான். அஞ்சாவது சட்டைக்குள்ள ரெண்டு பேரா நுழையலாம்.”

சாமி சிரித்துவிட்டார். ஒரு சட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். வெள்ளைத் துணி, வெள்ளை நூல். கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம் மட்டும் பச்சை நூலில் ஒரு தையல், கோணல்மாணலாக ஓடியிருந்தது.

“இது என்ன ஆச்சி, இங்க மட்டும் தப்பாயிட்டுதே?”

“அது தப்பில்ல சாமி. வேணும்னே போட்டது. ஒரு குறையும் இல்லாம இருந்தா பிள்ளை மேல கண்ணு பட்டுரும். அதான் உள்ளுக்குள்ள ஒரு தையலைக் கோணலா இழுத்து விட்டிருவேன். பதினோரு பேருக்கும் அப்படித்தான்.”

“ஓகோ,” என்றார் சாமி. நிமிர்ந்து ஆவுடையப்பனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஆச்சி ஒரு சட்டையை நீட்டினாள்.

“போட்டுக் காட்டுய்யா. கண்ணால பாத்துட்டுப் போயிருதேன்.”

ஆவுடையப்பன் கையை நீட்டவில்லை. இதுதான் சோதனை, இதில் வழுக்கிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“அது உங்க பேரனுக்குத் தைச்சது. நாளைக்குக் காலையில உங்க பேரன் செத்துருவான்.”

ஆச்சியின் கையிலிருந்து சட்டை நழுவியது.

“என்னல சொல்லுத?”

“துறவு வாங்கப் போறேன். ஆத்துல இறங்கி எனக்கு நானே பிண்டம் வைக்கணும். அதோட ஆவுடையப்பன் கதை முடிஞ்சுது. கரையேறி வாறவனுக்கு ஊரு, பேரு, உறவு எதுவும் கிடையாது.”

ஆச்சி சாமியைப் பார்த்தாள். அவராவது இல்லையென்று சொல்ல மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்தாள்.

“முறை அப்படித்தான் ஆச்சி. உசுரோட இருக்கையிலேயே தனக்குத் தானே கருமாதி பண்ணிக்கிடணும்.”

ஆச்சி அழுவாள், தரையில் புரளுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான் ஆவுடையப்பன். எதற்கும் தயாராகத்தான் நின்றான். அவள் அழவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நல்ல தெளிவான குரலில் கேட்டாள்.

“கோடி யாரு போடுதா?”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடி என்றால் புதுத்துணி. செத்தவர் மேல் போர்த்துவதற்குச் சொந்தக்காரர்கள் கொண்டுவருவது.

“கோடியா? அதெல்லாம் இதுல கிடையாதும்மா.”

“கருமாதி உண்டுன்னா கோடியும் உண்டு. உன் அம்மையைப் பெத்த வீட்டுக் கோடியை நான்தானல போடணும்? என் பேரன் அநாதைப் பிணமா போவப்பிடாது.” சாமி பக்கம் திரும்பினாள். “புதுத்துணி இந்தா கிடக்கு சாமி. உடுத்தாத துணி. ஆனா கோடியில தையல் இருக்கப்பிடாதே.”

“ஆமா, இருக்கக் கூடாது. சந்நியாசி கட்டுற காவியும் அப்படித்தான். ஒரு தையல் ஆகாது.”

“அப்பம் ஒரு பிளேடு இருந்தாத் தாங்க. பிரிச்சிருதேன்.”

சாமி எழுந்து உள்ளே போனார். ஆச்சியைச் சமாதானப்படுத்த விபூதி எடுக்கப் போகிறார் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்தான். திரும்பி வந்தவர் கையில் பிளேடு இருந்தது. அவன் தலையை மழிக்க வாங்கி வைத்த பிளேடு. அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, பழையபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவனால் நம்பவே முடியவில்லை.

ஆச்சி முதல் சட்டையை மடியில் போட்டாள். தோளையோ கையையோ தொடவில்லை. நேராகக் கழுத்துப்பட்டியைத் திருப்பி, அந்தப் பச்சை நூலின் முடிச்சை அறுத்தாள். நூலை முழுசாக உருவிக் கீழே போட்டாள்.

“செத்தவன் மேல யாரு கண்ணு படப் போவுது,” என்றாள்.

யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. வேலையோடு வேலையாகச் சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம் தோள், கை, விலா என்று ஒவ்வொரு தையலாகப் பிரிந்தது. டர் டர் என்ற சத்தம் மடம் முழுக்கக் கேட்டது. ஒரு தீபாவளி முடிந்தது. துணித் துண்டுகளை நீவி அடுக்கிவிட்டு இரண்டாவது சட்டையை எடுத்தாள். மறுபடியும் முதலில் பச்சை நூல். மறுபடியும் அதே பேச்சு.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் காதில் விழத்தான் செய்தது. மனசுக்குள் மந்திரம் சொல்லிப் பார்த்தான். பாதியில் மறந்துபோனது. ஐந்து வருஷமாக ஒரு நாளும் மறக்காத மந்திரம் அது. அவனுக்குப் பயமாகிவிட்டது.

மூன்றாவது சட்டையும் போயிற்று. நான்காவது சட்டையில் ஆச்சிக்குக் கண் மறைத்ததோ என்னவோ, பிளேடு விரலைக் கீறிவிட்டது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மேலே பிரித்தாள். சாமி தலை நிமிரவில்லை. கீரை பாதிகூட ஆயவில்லை என்பதை மட்டும் அவன் பார்த்தான்.

ஐந்தாவது சட்டை வந்தது. அவள் சொன்னபடி இரண்டு பேர் நுழையலாம். ஐந்து வருஷத்தில் அவன் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருப்பான் என்று நினைத்துத் தைத்திருக்கிறாள். கழுத்துப்பட்டியைத் திருப்பினாள். பச்சை நூலில் பிளேடை வைத்தாள்.

“ஆச்சி! அதை அறுக்காதீங்க!”

கத்தியது யார் என்று அவனுக்கே ஒரு கணம் தெரியவில்லை. கிளையில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

“யாருப்பா அது பேசினது?” என்று கேட்டார் சாமி.

“நான்தான் சாமி.”

“நீ நாளைக்குச் செத்துப் போறவனாச்சே.”

“நாளைக்குத்தானே சாமி. இன்னிக்கு இருக்கேன்ல…”

அதற்குமேல் அவனால் முடியவில்லை. ஆச்சியின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆச்சி அவன் தலையைத் தொடப் போய், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டாள். ஐந்தாவது சட்டையைப் பிரிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அழுது முடித்ததும் அவன் சாமியிடம் போனான். முகம் செத்துக் கிடந்தது.

“தோத்துட்டேன் சாமி. அப்போ நாளைக்குக் கிடையாதா?”

“கிடையாதுன்னு யாரு சொன்னா?”

சாமி குனிந்து, கீழே கிடந்த பச்சை நூல் ஒன்றைப் பொறுக்கி விரலில் சுற்றிக்கொண்டார். “போய் மொட்டை போட்டுக்கோ,” என்றார்.

மறுநாள் பொழுது விடிந்து வெயில் ஏறியதும் எல்லாம் முறைப்படி நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று தன் பேரைத் தானே சொல்லிப் பிண்டம் விட்டான். மீன்கள் வந்து கொத்தின. கட்டியிருந்த வேட்டியை ஆற்றோடு விட்டான். படித்துறையில் நின்ற ஆச்சி, பிரித்த துணிகளை அவன் ஏறி வரும் படியில் விரித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அதை மிதித்துத்தான் கரையேறினான். சாமி காவியைக் கொடுத்தார். வாங்கிக் கட்டிக்கொண்டான். மனசு இந்தத் தடவை அசையவில்லை. கடைசியில் ஒரு வழியாகச் செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தான்.

அப்போது ஆச்சி முன்னால் வந்தாள். புதுச் சந்நியாசியை எல்லாரும் விழுந்து கும்பிட வேண்டும் என்பது முறை. யாரோ சொல்லியிருப்பார்கள் போல. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ‘அப்பாடி’ என்று முனகியபடி அவன் காலில் விழக் குனிந்தாள்.

அவன் பதறிப்போய்க் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்துவிட்டான்.

“ஆச்சி, வேண்டாம்!”

படித்துறையில் குளிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்நியாசியாகி அவன் வாயில் வந்த முதல் வார்த்தை அது. மந்திரம் இல்லை, இறைவன் பேர் இல்லை. ஆச்சி. காவி கட்டி ஒரு நாழிகை ஆகவில்லை, அதற்குள் எல்லாம் பாழ். திரும்பிச் சாமியைப் பார்த்தான்.

“சாமி… தப்பாயிட்டுது சாமி.”

“எங்க தப்பாச்சு?”

சாமி கிட்டே வந்தார். அவன் தோளில் கிடந்த காவியின் ஓரத்தைப் பிடித்து உள்பக்கம் திருப்பினார். அங்கே பச்சை நூலில் ஒரு தையல், ஆச்சி தைத்ததைவிடப் படுகோணலாக ஓடியிருந்தது. அவரது கட்டைவிரலில் ஊசி குத்திய இடத்தில் மஞ்சள் அப்பியிருந்தது.

அவன் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

“இதையா சொல்லுதே?” என்றார் சாமி. “இது தப்பில்லப்பா. வேணும்னே போட்டது.”