குளத்துப் பச்சை

"தாயே, பருந்து போய்விட்டது" என்றார் எயினர்.

இருபது ஆண்டுகள் படை நடத்தியவர் அவர். மலையடிவாரத்துக் குளக்கரையில் இருந்த வெண்ணி அம்மையின் மடத்துக்குச் சீடராக வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"எந்தப் பருந்து?"

"விராலடிப்பான். வானத்திலிருந்து நேரே பாய்ந்து மீனைத் தூக்குமே, அது. யாரிடமும் கையேந்தாத பிறவி. பத்து நாளாகக் கண்ணில் படவில்லை."

"குளத்தில் மீன் இருக்கிறதா, பாருங்கள்."

எயினர் வலையோடு இறங்கினார். உச்சிப்பொழுதுவரை துழாவியதற்கு ஒரே ஒரு விரால் சிக்கியது. தலைதான் பெரிது. உடம்பு ஒட்டிப்போயிருந்தது.

"இது எதைத் தின்னும்?"

"கெண்டைக் குஞ்சுகளை. ஒன்றைக்கூடக் காணோம், தாயே."

"கெண்டைக் குஞ்சு எதைத் தின்னும்?"

"தண்ணீரில் துள்ளுமே, பொடிப் பூச்சிகள், அவற்றை. அவையும் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி..."

பேச்சு பாதியில் நின்றது.

கண்ணாடி மாதிரி ஆக்கியவர் அவர்தான். இரண்டு மாதமாக, விடிந்ததும் தனியாளாக இறங்கிப் பாசியை வாரி வாரிக் கரையில் எறிந்தார். வழிப்போக்கர்கள் நின்று மெச்சினார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

"அழுக்கென்று நினைத்துவிட்டேன்."

அம்மை கரையில் ஆளுயரத்துக்குக் காய்ந்து கிடந்த பாசிக்குத் தீ வைத்தாள்.

குப்பென்று பற்றியது. படைநாட்களில் எரியும் கோட்டைக்குள் நுழைந்து மீண்ட எயினர் இரண்டடி பின்னால் போனார்.

"இவ்வளவு சூடு இதற்குள் எப்படி வந்தது, எயினரே?"

எயினர் தீயைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது.

"வெயில்" என்றார்.

"வெயிலைத் தின்னத் தெரிந்தது குளத்தில் இது ஒன்றுதான்."

"இவ்வளவும் அந்த ஒரு பருந்துக்கா?"

"பூச்சி இந்தப் பாசியைத் தின்றதில் பெரும்பங்கு துள்ளியே தீர்ந்துவிடும். மிச்சம்தான் கெண்டைக்கு. கெண்டை நீந்தித் தீர்த்த மிச்சம் விராலுக்கு."

தீயிலிருந்து ஒரு பொறி தெறித்து அவர் முழங்கையில் விழுந்தது.

"பருந்துக்கு அவ்வளவுதான்" என்றாள் அம்மை.

எயினர் அதைத் தட்டிவிடவில்லை.

மழை வந்தது. குளம் மெல்ல மெல்லப் பச்சை பிடித்தது.

ஒருநாள் வணிகர் கூட்டம் ஒன்று கரையில் தங்கியது. அவர்களில் ஒருவன் படியில் இறங்கி முகம் சுளித்தான்.

"சே! போன தடவை எப்படிப் பளபளவென்று இருந்தது இந்தக் குளம்!"

அவன் ஒரு கழியை எடுத்துப் பாசியை ஒதுக்கப் போனான். எயினர் விடுவிடுவென்று இறங்கி வந்து கழியைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதே."

"ஏன் ஐயா, அப்படி என்ன இருக்கிறது இதில்?"

எயினர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பருந்து" என்றார்.